விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவில்

"இன்னாடா மாப்ள இது? நான் கட்டைய அமுக்கி, விரல எடுத்தப்பறம் பேசுது!"

2020 ஏப்ரல். போளூரில் மாமா வீட்டுத் திண்ணை. பங்குனி தொடங்கி நாலைந்து மாசம் எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்துக்கான காலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, நடுவில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு, கடைசியில் படுகளம், தீமிதி. மாமா ஒரு கூத்து ஜமாவில் ஆர்மோனியக்காரர். வருஷத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு இந்த மாசங்களில்தான். அந்த வருஷம் ஊரடங்கு. ஒரு ஊரிலும் கொடியேறவில்லை. ஆர்மோனியம் துணி போர்த்திக் கிடந்தது.

நான் சென்னையிலிருந்து வந்து மாட்டிக்கொண்டிருந்தேன். கையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மிடி கீபோர்டு. அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அமுக்கினோம் என்ற தகவலை மட்டும் கம்பி வழியே அனுப்பும். சத்தம் போடக் கம்ப்யூட்டர் வேண்டும். மாமா பையனுக்கு பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் இருந்தது. அதில் டெபியன் லினக்ஸ் போட்டு, ப்ளூயிட்சிந்த் என்ற மென்பொருளை நிறுவி, கம்பியைச் சொருகினேன். சத்தம் வந்தது. லேட்டாக வந்தது.

நாற்பது வருஷம் ஆர்மோனியத்தில் ஊறிய கைக்கு அந்தச் சின்னத் தாமதம் பொறுக்கவில்லை. "ஏன் லேட்டாவுது?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கட்டை

தமிழில் இன்னும் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்கிறோம். "அவரு அஞ்சரைக் கட்டையில பாடுவாரு" என்றால், ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையிலிருந்து ஸட்ஜம் தொடங்குகிறது என்று அர்த்தம். ஒரு வெளிநாட்டு வாத்தியம் நம் பேச்சுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1840இல். கால்மிதியோடு நாற்காலி போட்டு வாசித்த அந்தப் பெட்டியை, கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875 வாக்கில் தரையில் உட்கார்ந்து கைத்துருத்தியால் வாசிக்கும்படி மாற்றினார். நாடகக் கம்பெனிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயின. கூத்தும் எடுத்துக்கொண்டது. முகவீணையும் மத்தளமும் தாளமும் இருந்த பின்பாட்டு பெஞ்சில் ஆர்மோனியமும் இடம் பிடித்தது.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அதன் பன்னிரண்டு சுரங்கள் அசையாமல் நிற்பவை, கமகம் வராது, இது நம் இசைக்கு ஒவ்வாது என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. ஆனால் வானொலி நிலையத்துக்குள் நடந்த இந்தச் சண்டை கூத்து மேடைக்கு வரவேயில்லை. விடிய விடியக் கத்திப் பாடும் வேஷக்காரருக்குச் சுருதி பிடித்துக் கொடுக்க, விலை குறைந்த, தூக்கிப் போகக்கூடிய, கரண்டு கேட்காத வாத்தியம் தேவைப்பட்டது.

ஆர்மோனியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. யாரும் அதைத் தனியாகப் பாராட்டியதில்லை, ஏனென்றால் அது இல்லாத வாத்தியத்தை அன்றைக்கு யாரும் பார்த்ததில்லை. கட்டைக்குக் கீழேயே நாக்கு இருக்கிறது. அமுக்கினால் துளை திறக்கிறது, காற்று பாய்கிறது, நாக்கு பேசுகிறது. அடித்தாயி நாக்குகள் கொஞ்சம் சோம்பலாகத்தான் பேசும். ஆனால் எப்போதும் அதே அளவு சோம்பல். கை அதைக் கற்றுக்கொண்டு அந்த அளவுக்கு முந்திக்கொள்ளும்.

கம்பி

கட்டையும் சத்தமும் ஒரே பெட்டியில் இருந்த காலம் 1983இல் முடிந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனி சிந்தசைசரும் தன் பாஷையை மட்டும் பேசியது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுடாரோ காகெஹாஷி ஆகியோர் முன்கையெடுத்து ஒரு பொதுப் பாஷையை உருவாக்கினார்கள். அதுதான் மிடி. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில் ஒரு ப்ராஃபெட் 600ஐயும் ஒரு ஜுபிடர் 6ஐயும் கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதில் கேட்டது. அந்தப் பாஷைக்கு இருவரும் காசு கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 2013இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி கிடைத்தது.

மிடிக் கம்பியில் ஒரு நொடிக்கு 31,250 பிட் போகும். "இந்தச் சுரத்தை இவ்வளவு அழுத்தத்தோடு அடி" என்ற ஒரு செய்தி போய்ச் சேர ஏறக்குறைய 1 மில்லிசெகண்டு, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் விழுந்த முதல் இடைவெளி அது. யாருக்கும் உறைக்காத அளவு சின்னது.

சென்னைக்கு இது சீக்கிரமே வந்தது. 1986இல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்தில் திலீப் என்ற பெயரில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர், 1989இல் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். 1992இல் 'ரோஜா' வந்தது. அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் சத்தங்கள் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று சிப் செய்து, அதற்குள் சத்தத்தைப் பூட்டி விற்றது. பெட்டியை வாங்க முடிந்தவருக்கு வாத்தியம். போளூரில் கல்யாண மண்டபக் கச்சேரி செய்த மெல்லிசைக் குழுக்களில் ஒரு நல்ல கீபோர்டு இருந்தால் அதுவே குழுவின் சொத்து.

1991இல் மிடிக்காரர்கள் இன்னொரு பொதுப் பட்டியல் போட்டார்கள். 128 சத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 1 பியானோ. 105 சிதார். 112 ஷெனாய். நாதஸ்வரம் கிடையாது. மிருதங்கம் கிடையாது. முகவீணையைப் பற்றிப் பேச்சே இல்லை. உலகத்து வாத்தியங்களுக்கு ரேஷன் கார்டு எழுதியபோது எங்கள் பெஞ்சில் ஒருவருக்கும் பெயர் விழவில்லை.

பெட்டி இல்லாத சத்தம்

சத்தத்தைச் சிப்பிலிருந்து விடுவித்தவர்களில் பலர் சம்பளத்துக்குச் செய்யவில்லை. பின்லாந்தில் டூக்கா டோய்வோனென் என்பவர் 1995இல் டிமிடிட்டி என்ற நிரலை வெளியிட்டார். வாத்தியங்களின் பதிவுகளைக் கோப்பாக வைத்துக்கொண்டு, சாதாரணக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சத்தம் எழுப்பும். பின்னாளில் அதைப் பின்னணியில் ஓடவிட்டு, கீபோர்டிலிருந்து நேரடியாக வாசிக்கவும் வழி வந்தது.

அதே நேரத்தில், 1994இல், கிரியேட்டிவ் கம்பெனி தன் சவுண்ட் கார்டோடு சவுண்ட்ஃபான்ட் என்ற கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. எழுத்துக்கு ஃபான்ட் மாதிரி, சத்தத்துக்கு ஃபான்ட். பீட்டர் ஹனாப்பும் கூட்டாளிகளும் எழுதிய ப்ளூயிட்சிந்த் அந்தக் கோப்பை எந்தக் கம்ப்யூட்டரிலும் பேச வைத்தது. ஃப்ராங்க் வென் என்பவர் 128 சத்தங்களும் அடங்கிய பெரிய சவுண்ட்ஃபான்ட் ஒன்றைத் தயாரித்து இலவசமாகக் கொடுத்தார். இன்றைக்கு டெபியனில் ஒரு வரி அடித்தால் வந்து இறங்குவது அதுதான். மாமா வீட்டுத் திண்ணையில் நான் போட்டதும் அதுதான்.

சத்தம் சும்மா கிடைத்தது. அதற்குப் பதிலாகப் போனது நேரம்.

குடமும் லாரியும்

கம்ப்யூட்டர் சத்தத்தைத் துளித்துளியாகச் செய்வதில்லை. தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் என்பது நிற்காமல் தண்ணீர் குடிக்கும் வீடு. லாரி எப்போதாவது வரும், அதனால் குடங்களில் பிடித்து வைக்கிறோம். குடம் பெரிசாக, நிறைய இருந்தால் லாரி லேட்டானாலும் பயமில்லை. ஆனால் இப்போது லாரி கொண்டுவரும் தண்ணீர், முன்பு பிடித்த குடமெல்லாம் தீர்ந்த பிறகுதான் வாய்க்கு வரும். மாமா இப்போது அமுக்கிய கட்டையின் சத்தம் கடைசிக் குடத்தில் நிற்கிறது.

இந்தக் குடத்துக்கு பஃபர் என்று பெயர். நொடிக்கு 48,000 துளி என்ற வேகத்தில், 1,024 துளி பிடிக்கும் குடம் இரண்டு வைத்தால் ஏறக்குறைய 43 மில்லிசெகண்டு தாமதம். சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்தக் கணக்கில், 43 மில்லிசெகண்டு என்பது வாத்தியம் 15 மீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமம். உங்கள் விரல் இங்கே, சத்தம் தெருமுனையில்.

அப்போ குடத்தைச் சின்னதாக்கிவிட வேண்டியதுதானே? ஆக்கலாம். 128 துளிக் குடம் மூன்று என்றால் சரியாக 8 மில்லிசெகண்டு. கணக்கில் 2.7 மீட்டர், அதாவது பின்பாட்டு பெஞ்சுக்கும் வேஷக்காரருக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான். ஆனால் லாரி ஒருமுறை தவறினாலும் குடம் காலி. ஸ்பீக்கரில் 'பட்'டென்று வெடிக்கும். லினக்ஸில் இதற்கு எக்ஸ்ரன் என்று பெயர்.

ஆக எல்லாம் லாரி நேரத்துக்கு வருமா என்பதில் வந்து நிற்கிறது. அந்த லாரியை ஓட்டுவது இயங்குதளத்தின் நடுமையம், கர்னல்.

சராசரியும் கடைசி ஆளும்

1990களில் லினக்ஸ் வளர்ந்தது சர்வர்களில். சர்வருக்கு முக்கியம் மொத்த வேலை எவ்வளவு முடிகிறது என்பது. ஆயிரம் பேருக்குப் பக்கம் அனுப்பும்போது ஒருவருக்கு அரை நொடி லேட்டானால் குடிமுழுகிப் போகாது. வட்டில் எழுதும் வேலை ஒன்றைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டுத்தான் கர்னல் அடுத்த ஆளைத் திரும்பிப் பார்க்கும். சராசரியில் அது நல்ல ஏற்பாடு.

வாசிப்பவருக்குச் சராசரியால் பிரயோஜனமில்லை. 999 அடி சரியாக விழுந்து ஒரு அடி தப்பினால் மேடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு வேண்டியது மிக மோசமான தருணத்துக்கும் ஓர் உத்தரவாதம்.

2000இல் ஒலி மென்பொருள் எழுதுபவர்கள் பலர் சேர்ந்து லினஸ் டோர்வால்ட்ஸுக்கு ஒரு கூட்டுக் கடிதம் எழுதினார்கள். கர்னல் இப்படியே இருந்தால் லினக்ஸில் இசை செய்ய முடியாது என்பது அதன் சாரம். முன்நின்றவர்களில் ஒருவர் பால் டேவிஸ். அமேசானின் ஆரம்ப கால நிரலாளர்களில் ஒருவராக இருந்தவர், பிறகு இசை மென்பொருளுக்கு வந்துவிட்டார். ஹங்கேரியின் இங்கோ மோல்னார், ஆண்ட்ரூ மார்ட்டன், ராபர்ட் லவ் போன்றவர்கள் கர்னல் எங்கெல்லாம் மெத்தனமாக நிற்கிறது என்று தேடித்தேடி ஒட்டுப்போட்டார்கள். 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் அந்த உழைப்பில் ஒரு பகுதி சேர்ந்தது. யாரோஸ்லாவ் கைசெலா தொடங்கிய ஆல்சா என்ற புதிய ஒலி அமைப்பும் அதே கர்னலோடு வந்தது. அதற்கு மேலே பால் டேவிஸ் ஜாக் என்ற ஒலிச் சேவையகத்தைக் கட்டினார். எல்லா இசை நிரல்களும் ஒரே தாளத்தில் குடம் நிரப்பும்.

மீதி வேலை இழுத்துக்கொண்டே போனது. கர்னலின் ஏறக்குறைய எந்த வேலையையும் இடைமறித்து அவசர வேலைக்கு வழிவிடும் 'நிகழ்நேர' ஒட்டு, இருபது வருஷத்துக்குப் பக்கமாகத் தனியாகவே பராமரிக்கப்பட்டது. 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் அது முழுசாகப் பிரதான லினக்ஸுக்குள் நுழைந்தது. அதற்குள் அந்த ஒட்டைத் தொழிற்சாலை இயந்திரங்களும் ரோபோக்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரு சுரம் லேட்டாக வருகிறதே என்று புலம்பியவர்களின் கோரிக்கையும் அந்த நீண்ட வேலையில் கலந்திருக்கிறது.

நாங்கள் செய்தது

2020இல் எங்களிடம் இருந்தது பழைய லேப்டாப்பும் நிறைய நேரமும். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் தாமதம் ஒரே இடத்தில் இல்லை என்று புரிந்தது. அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக ஒளிந்திருந்தது.

பெரிய திருடன் பல்ஸ்ஆடியோ. பாட்டு கேட்க, படம் பார்க்க, நாலு நிரல்களின் சத்தத்தைக் கலந்து கொடுக்க நல்ல ஏற்பாடு அது. ஆனால் தன் பங்குக்கு அதுவும் குடம் வைக்கும். ப்ளூயிட்சிந்தின் சத்தம் ஆல்சாவின் 'டிஃபால்ட்' வழியில் போய், பல்ஸ்ஆடியோ வீட்டுக்குள் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. அதைத் தவிர்த்து நேராக சவுண்ட் கார்டின் பெயரையே கொடுத்தேன். வேறெந்த நிரலும் அப்போது சத்தம் போட முடியாது. பரவாயில்லை, லேப்டாப் இனி வாத்தியம்.

அடுத்தது குடத்தின் அளவு. ப்ளூயிட்சிந்தில் 'மைனஸ் ஸெட்' என்பது ஒரு குடத்தின் அளவு, 'மைனஸ் சி' குடங்களின் எண்ணிக்கை, 'மைனஸ் ஆர்' நொடிக்கு எத்தனை துளி. ஒன்றும் சொல்லாவிட்டால் அது 64 துளிக் குடம் 16 வைத்துக்கொள்ளும். நொடிக்கு 44,100 என்ற வேகத்தில் அது 23 மில்லிசெகண்டு. 128, 3, 48,000 என்று மாற்றினேன். உடனே படபடவென்று வெடித்தது.

லாரிக்கு வழிவிட வேண்டும். பயனரை 'ஆடியோ' குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமையும் நினைவகத்தைப் பூட்டிக்கொள்ளும் உரிமையும் உண்டு என்று அமைப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதினேன். மின்சாரம் மிச்சம் பிடிக்க பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்தினேன். வைஃபையை அணைத்தேன். ரிவெர்ப், கோரஸ் இரண்டையும் எடுத்தேன். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் உச்சவரம்பை 256இலிருந்து 64ஆகக் குறைத்தேன். மனுஷனுக்குப் பத்து விரல்தானே. வெடிப்பு நின்றது. ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தொடவேயில்லை. அது மட்டுமே சாதாரணமாக 100 மில்லிசெகண்டைத் தாண்டும்.

கடைசியாக, திரையைத் திறக்காமலே, லேப்டாப் எழுந்ததும் ப்ளூயிட்சிந்த் பின்னணியில் தானாக எழுந்து, கீபோர்டைத் தானாக இணைத்துக்கொள்ளும்படி ஒரு சின்ன சேவைக் கோப்பு எழுதினேன். மாமாவுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. பட்டனை அமுக்கினால் வாத்தியம். அவ்வளவுதான்.

(இன்றைக்குச் செய்பவர்களுக்கு இவ்வளவு அவதி இல்லை. விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் 2021இலிருந்து ஃபெடோராவிலும் பிறகு மற்றவற்றிலும் பல்ஸ்ஆடியோ, ஜாக் இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதில் குடத்துக்கு 'குவாண்டம்' என்று பெயர். வழக்கமாக 1,024. அதை 128 ஆக்கினாலே பாதி வேலை முடிந்தது.)

மாமா உட்கார்ந்தார். ஒரு விருத்தத்தின் முதல் இழுப்பை வாசித்தார். அப்புறம் வேகமாக ஒரு துரிதம். ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார். கீபோர்டின் ஓரத்தில் இருந்த சக்கரத்தை உருட்டச் சொன்னேன். சுரம் வழுக்கியது. வானொலிக்காரர்கள் ஆர்மோனியத்தில் இல்லை என்று சொன்ன அசைவு அந்தச் சக்கரத்தில் இருந்தது. "இது இருந்தா முகவீணையே வாசிக்கலாம்போல கீதே" என்றார்.

113ஆவது ஆள்

அந்தப் பேச்சுதான் எங்களை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனது. ஜமாவின் முகவீணைக்காரர் ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதை ஓரத்துக் கிராமத்தில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். அவருக்குப் பிறகு அந்த ஜமாவில் அதை வாசிக்க ஆள் இல்லை. ஊரடங்கு தளர்ந்ததும் போய், ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் துண்டு துண்டாக வெட்டி ஒரு சவுண்ட்ஃபான்ட் ஆக்கினேன். பட்டியலில் ஷெனாய்க்குப் பக்கத்தில், 113ஆம் எண்ணில் இருந்த மணியை எடுத்துவிட்டு முகவீணையை வைத்தேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடமே வாசித்துக் காட்டினோம். கவனமாகக் கேட்டார். "நல்லாத்தான் கீது. இத எல்லாருக்கும் குடுத்துடுவியா?" என்றார். நான் உற்சாகமாக, ஆமாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம், காசு கிடையாது, உலகம் பூரா கேட்பார்கள் என்று சொன்னேன்.

"அப்புறம் என்னை எவன் கூத்துக்குக் கூப்புடுவான்?"

டேவ் ஸ்மித்தும் காகெஹாஷியும் பொதுவில் வைத்தது ஒரு பாஷையை. ஃப்ராங்க் வென் கொடுத்தது அவர் உழைத்துத் தொகுத்ததை. நான் கொடுக்கக் கிளம்பியது இன்னொருவரின் மூச்சை. திறந்தநிலை என்ற சொல்லை அதுவரை நான் கொடுப்பவன் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். இடைவெளியை 8 மில்லிசெகண்டாகச் சுருக்குவதில் மும்முரமாக இருந்தவனுக்கு, அந்தப் பக்கம் யார் சத்தம் இருக்கிறது என்ற கேள்வி எழவில்லை. அந்தக் கோப்பை நான் எங்கும் ஏற்றவில்லை. மாமா லேப்டாப்பில் ஒரு பிரதி, பெரியவரின் பேரனிடம் ஒரு பென்டிரைவில் ஒரு பிரதி. கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் கையில்.

2022 சித்திரையில் மறுபடி கொடியேறியது. மாமா கூத்துக்கு ஆர்மோனியத்தைத்தான் தூக்கிக்கொண்டு போனார். லேப்டாப் இப்போது மார்கழி பஜனைக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக்கொடுக்கவும். போன வருஷம் அதில் பைப்வயர் போட்டுக் கொடுத்தேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று குவாண்டத்தை 256 வைத்திருந்தேன். மறுநாளே போன் வந்தது.

"மாப்ள, என்னமோ மாத்திட்ட. திரும்பவும் தள்ளிப் போயிட்ச்சி."

128க்கு இறக்கினேன். எப்போதாவது ஒருமுறை 'பட்'டென்று வெடிக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டேன்.

"பொறிஞ்சா பொறியட்டும். லேட்டா வர்றதுதான் ஆவாது."

முகவீணைக்காரர் இன்னும் பெஞ்சில் உட்காருகிறார். மாமாவுக்கு இடதுபக்கம், ஒரு முழத் தூரத்தில்.